கொலையாளி பிடிபடாவிட்டாலும் குடும்பத்துக்கு அரசு இழப்பீடு கிடைக்குமா?

தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. அவருடைய அக்காவின் கணவர் ஐந்து மாதங்களுக்கு முன் இரவு வேலை முடிந்து வரும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்று போலீஸ் சொல்கிறது, வெட்டியவர்கள் யாரென்று இதுவரை தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தும் பதில் வரவில்லை. வழக்கு முடிந்து தண்டனை விழுந்தால்தான் அரசுப் பணம் கிடைக்குமா, பணம் வாங்கினால் வழக்கு நீர்த்துப் போகுமா, இதற்கு வக்கீல் வைக்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் அக்காவுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இன்றைக்கே இருக்கிறது. தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி பிடிபடவே இல்லை என்றாலும் உரிமை உண்டு. ஆனால் நீங்கள் மனு கொடுத்த இடம் வேறு, கொடுக்க வேண்டிய இடம் வேறு. அதனால்தான் பதில் இல்லை என்று நினைக்கிறேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற பிரிவு 2009 டிசம்பர் 31-இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இதே ஏற்பாடு 396-ஆம் பிரிவாக இருக்கிறது. குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்து மறுவாழ்வு தேவைப்படுகிறவர்களுக்கும், அவர்களைச் சார்ந்திருந்தவர்களுக்கும் இழப்பீடு தர ஒவ்வொரு மாநில அரசும் ஒன்றிய அரசோடு சேர்ந்து ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. தமிழ்நாடு தன் பொதுத் திட்டத்தை 2013-இல் வகுத்தது. எவ்வளவு தொகை என்று முடிவு செய்வது கலெக்டரோ போலீஸோ அல்ல. அது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வேலை. மாவட்ட முதன்மை நீதிபதிதான் அதன் தலைவர், ஒரு நீதிபதியே அதன் செயலாளராகவும் இருப்பார். அலுவலகம் பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும். ஏ.டி.ஆர். சென்டர் (மாற்றுமுறைத் தீர்வு மையம்) எங்கே, லீகல் எய்டு ஆபீஸ் எங்கே என்று கேட்டால் வாசலில் நிற்கிற யாரும் காட்டுவார்கள்.

இந்தப் பணம் ஒரு குடும்பத்துக்கு மூன்று வழிகளில் வரலாம். ஒன்று, வழக்கு முடியும்போது விசாரணை நீதிமன்றமே பரிந்துரை செய்வது. குற்றவாளியிடமிருந்து வசூலாகும் அபராதம் போதாது என்று நீதிபதி கருதினால் அரசு இழப்பீட்டுக்கு எழுதலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகி இருந்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் பரிந்துரைக்கலாம். விடுதலைத் தீர்ப்பு வந்ததும் எல்லாம் போச்சு என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அன்றைக்கே நீதிபதியிடம் கேட்டிருக்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது வழிதான் உங்களுடையது. குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்கப்படவில்லை, அதனால் விசாரணையும் நடக்கவில்லை, ஆனால் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும் என்ற நிலையில் 396-இன் 4-ஆம் உட்பிரிவு நேரடியாக ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கச் சொல்கிறது. நீதிமன்றப் பரிந்துரை தேவையில்லை. விண்ணப்பம் வந்தபின் 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று 5-ஆம் உட்பிரிவு சொல்கிறது.

மூன்றாவது, இடைக்கால நிவாரணம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்துக்குப் பணம் மிகவும் அவசியமான நேரம் முதல் ஆறு மாதம்தான். சம்பாதித்தவர் போய்விட்டார், வாடகை நிற்கவில்லை, பள்ளிக் கட்டணம் நிற்கவில்லை, காரியத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. 2014 நவம்பரில் சுரேஷ் எதிர் ஹரியானா மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துக்கொண்டது. தந்தையும் மகனும் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு அது. குற்றம் தன் கவனத்துக்கு வந்தவுடனேயே, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உடனடி உதவி தேவையா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட வேண்டும், அது நீதிமன்றத்தின் கடமை என்றது தீர்ப்பு. அந்தக் குடும்பத்துக்கு இடைக்காலமாக 10 லட்சம் ரூபாய் தரவும் உத்தரவிட்டது. இதற்கு முந்தைய ஆண்டு அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிமன்றம் யோசித்தே ஆக வேண்டும், கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சுரேஷ் வழக்குத் தீர்ப்பில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் இன்னொரு விஷயமும் உண்டு. பல மாநிலங்கள் வைத்திருக்கும் உச்சவரம்பு சட்டத்தின் நோக்கத்துக்கே பொருந்தாத அளவுக்குக் குறைவாக இருக்கிறது என்று சொன்ன நீதிமன்றம், ஒரு மாநிலத்தின் சொந்த அளவு அதைவிட உயர்ந்ததாக இல்லாவிட்டால் கேரளத் திட்டத்தின் அளவையே பின்பற்ற வேண்டும் என்றது. உங்கள் அக்காவின் விண்ணப்பத்தில் இந்தத் தீர்ப்பின் பெயரை ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

தொகை எவ்வளவு என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம் ஒன்று உண்டு. பெண்கள் பாதிக்கப்படும் குற்றங்களுக்குத் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018-இல் தனித் திட்டம் வகுத்தது. நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உயிரிழப்புக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை, கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கும் அதே அளவு, பாலியல் வல்லுறவுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 லட்சம் முதல் 8 லட்சம் வரை. நல்ல திட்டம். ஆனால் கொல்லப்பட்டவர் ஆண் என்றால் அவருடைய மனைவி இந்தத் திட்டத்தின் கீழ் வரமாட்டார், மாநிலத்தின் பொதுத் திட்டத்தைத்தான் நம்ப வேண்டும். ஒன்றிய அரசு 2015-இல் உயிரிழப்புக்குக் குறைந்தபட்சத் தொகையாக நிர்ணயித்தது வெறும் 2 லட்சம். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்தானே? பெண்களுக்கான திட்டத்தில் கொல்லப்பட்டவரின் பாலினத்தைப் பார்க்கிறோம், பின்னால் வாழப் போகிறவரின் நிலையைப் பார்ப்பதில்லை. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரைக்கும் உங்கள் மாவட்ட ஆணைக்குழுவில் நடப்பில் உள்ள அட்டவணையைக் கேட்டு வாங்கி, குடும்பத்தின் வருமான இழப்பை விவரமாக எழுதி, அதிகபட்சத் தொகையைக் கேளுங்கள். இறந்தவரின் வயது, மாத வருமானம், பிள்ளைகளின் வகுப்பு, வயதான பெற்றோர் இருந்தால் அவர்களின் மருத்துவச் செலவு எல்லாம் விண்ணப்பத்தில் வர வேண்டும். தொகையைக் கூட்டுவதோ குறைப்பதோ இந்த விவரங்களை வைத்துத்தான்.

உங்கள் மைத்துனர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவரா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியிருந்து, பட்டியல் சமூகத்தைச் சேராதவர்கள் அவரைக் கொன்றதாக வழக்கு திரும்பினால் கதையே வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகள் கொடுக்கும் தீருதவி, அதாவது நிவாரணத் தொகை, தனி. 2016-இல் திருத்திய விதிகளின்படி அது குற்றத்தைப் பொறுத்து 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 ரூபாய் வரை, தமிழ்நாட்டில் அதை 1 லட்சம் முதல் 12 லட்சம் வரை என்று உயர்த்தியிருக்கிறார்கள். கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதிப் பாதி. தீர்ப்பு வரை காத்திருக்கும் பேச்சே இல்லை. அதோடு மனைவிக்கு மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு என்றும் விதி சொல்கிறது. இந்தப் பணத்துக்குத்தான் கலெக்டர் ஆபீஸ், குறிப்பாக மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர். தீருதவி வாங்கியதால் வேறு சட்டத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன.

குழந்தைகள் பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்ட போக்சோ சட்ட வழக்குகளுக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. இந்தக் கேள்விக்கு அது நேரடியாகப் பொருந்தாது, ஆனாலும் படிக்கிறவர்களில் யாருக்காவது தேவைப்படலாம். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி முதல் தகவல் அறிக்கை பதிவானபின் எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு பணத்தைத் தர வேண்டும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு தனியாகப் பரிந்துரை செய்யலாம், அது ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும்.

வழக்கு நீர்த்துப் போகுமா என்ற பயத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை நிறையக் குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன, அதன் பின்னால் இருக்கும் மனநிலையும் புரிகிறது. ஊரில் ஒரு கொலை நடந்தால் பெரிய மனிதர்கள் சிலர் வந்து, எதிர்த் தரப்பிடம் ஒரு தொகை வாங்கித் தருகிறோம், சமாதானமாகப் போங்கள் என்பார்கள். அந்தப் பணத்தை வாங்கினால் சாட்சி மாறிச் சொல்ல வேண்டும் என்பது அதில் சொல்லாமல் சொல்லப்படும் நிபந்தனை. அதைப் பார்த்துப் பார்த்து, பணம் என்றாலே விலை போவது என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துவிட்டது. அரசு இழப்பீட்டுக்கு அதோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. கொடுப்பது அரசு, வாங்குவது சட்டப்படி, எந்த நிபந்தனையும் இல்லை. உங்கள் அக்கா நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் பற்றிக் கேட்டால், சட்டம் தந்தது, வாங்கினேன் என்று நேராகச் சொல்லலாம். பிறகு குற்றவாளி தண்டிக்கப்பட்டால் அவரிடமிருந்து அந்தத் தொகையை வசூலிக்கும் வழியும் அரசுக்கு உண்டு.

அரசு ஏன் கொடுக்க வேண்டும், கொன்றவன் கொடுக்கட்டுமே என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கொன்றவன் பிடிபட வேண்டும், பிடிபட்டாலும் அவனிடம் சொத்து இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். பழிவாங்கும் உரிமையையும் தண்டிக்கும் உரிமையையும் மக்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது, பாதுகாப்புத் தருவதாகவும் சொன்னது. அந்தப் பாதுகாப்பு தவறிய இடத்தில் விழுந்த குடும்பத்தைத் தாங்குவதும் அரசின் பொறுப்புதான். நியூசிலாந்து 1963-இலேயே இதற்குச் சட்டம் போட்டது. இங்கே 1993-இல் மூரி எக்ஸ்பிரஸ் ரயிலில் வீட்டு வேலை செய்யும் பழங்குடிப் பெண்கள் ராணுவத்தினரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில், அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் குற்றக் காயங்களுக்கான இழப்பீட்டு வாரியம் ஒன்று அமைக்கச் சொன்னது. அதற்குப் பிறகும் 357ஏ வர 15 வருடம் ஆனது.

முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து சில குடும்பங்களுக்கு 3 லட்சம், 5 லட்சம் என்று அறிவிப்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கலெக்டர் ஆபீஸ் மனு அநேகமாக அதை நினைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். அந்த நிதி அரசின் விருப்பத்தைப் பொறுத்தது. செய்தியான சாவுக்குக் கிடைக்கும், செய்தியாகாத சாவுக்குக் கிடைக்காமல் போகலாம், கிடைக்கவில்லை என்று யாரிடமும் வழக்குப் போட முடியாது. 396-இன் கீழ் வருவது அப்படியல்ல. விண்ணப்பம் எண்ணிடப்படும், விசாரிக்கப்படும், மறுத்தால் மேலே போகலாம். மனுவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இருக்கிறதா பாருங்கள். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதை இலவசமாகத் தர வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அக்காவின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று இவ்வளவும் போதும். வாரிசுச் சான்றிதழ் தாமதமானால் அதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். விண்ணப்பித்த ரசீதை இணைத்துக் கொடுத்துவிட்டு, சான்றிதழ் வந்ததும் சேர்க்கலாம். சம்பளத்துக்கு எழுத்தில் ஆதாரம் இல்லாத வேலை என்றால், வேலை கொடுத்தவரிடம் ஒரு கடிதம் வாங்கப் பாருங்கள். அப்புறம், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள். புலன் விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 193-ஆம் பிரிவு சொல்கிறது. ஐந்து மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கெடு தாண்டிவிட்டது. குற்றவாளி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அவர்கள் எழுதித் தரும் கடிதமே உங்கள் விண்ணப்பத்துக்குப் பலமான ஆதாரம்.

வக்கீல் வைக்கக் காசு செலவழிக்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சமூகத்தவருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அது. மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்திலேயே விண்ணப்பத்தை எழுதித் தரக் கேட்கலாம். தூரம் அதிகம் என்றால் தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். இழப்பீடு வாங்கித் தருகிறேன், வருவதில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். இந்தப் பணத்துக்கு இடைத்தரகர் தேவையே இல்லை.

காலக்கெடு விஷயத்தில்தான் எனக்குப் பதற்றம். பெண்களுக்கான 2018 திட்டத்தில் 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் பல மாநிலங்களின் பொதுத் திட்டங்களில் நேரடி விண்ணப்பத்துக்கு 6 மாதம், 12 மாதம் என்று குறுகிய கெடுவே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஆகவே எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று இருக்காமல், இருப்பதை வைத்து இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கெடு தாண்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களும் விட்டுவிட வேண்டாம். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணைக்குழுவால் முடியும். துக்கத்தில் இருந்தோம், இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது என்பது உண்மையான காரணம்தான், அதை அப்படியே எழுதலாம்.

விண்ணப்பம் கொடுத்தபின் கொலையாளிகள் பிடிபட்டால்? உரிமை போய்விடாது, வழி மட்டும் மாறும். அப்போது வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் மூலமாகவோ நேரடியாகவோ இடைக்கால இழப்பீட்டுக்கு மனு போடலாம். உடல் காயம் சம்பந்தப்பட்ட வழக்குகளில், குறிப்பாகப் பெண்களும் சிறார்களும் பாலியல் வன்முறைக்கு ஆளான வழக்குகளில், தீர்ப்புச் சொல்லும்போதே இழப்பீட்டுக்கும் உத்தரவிட வேண்டும் என்று 2024 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அமர்வு நீதிமன்றங்களுக்கு மறுபடியும் நினைவூட்டியிருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் கீழே எவ்வளவு தூரம் அது நடக்கவில்லை என்று பாருங்கள். அதனால்தான் நீதிபதி தானாகக் கொடுப்பார் என்று இருக்காமல் கேளுங்கள் என்கிறேன்.

உத்தரவு வந்த உடனே பணம் வந்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஆணைக்குழு உத்தரவு போட்டாலும் அரசு ஒதுக்கும் நிதியில் இருப்பு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அந்தச் சமயத்தில் மாநில ஆணைக்குழுவுக்கு ஒரு நினைவூட்டல் கடிதம், அதுவும் பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதற்கும் இலவச வக்கீல் கேட்கலாம். தொகை குறைவாகப் போட்டாலோ மறுத்தாலோ மாநில ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு உண்டு. பெண்களுக்கான திட்டத்தில் அதற்கு 30 நாள் கெடு, உங்கள் உத்தரவுக்கும் அதையே கணக்காக வைத்துக்கொண்டால் தவறிப்போகாது.

பணம் வரும்போது பிள்ளைகளின் பங்கை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லி உத்தரவு இருக்கலாம். பெண்களுக்கான திட்டத்தில் முக்கால் பங்கை 3 ஆண்டாவது வைப்பில் போட வேண்டும், கால் பங்கைத்தான் உடனே எடுக்கலாம். சிறார் என்றால் 80 சதவீதம் வைப்பில் போகும், 18 வயது ஆனபின்தான் கையில் வரும். உங்கள் அக்காவுக்குக் கடன் அடைக்கவோ வீட்டு முன்பணத்துக்கோ கூடுதலாக உடனடித் தொகை தேவை என்றால், உத்தரவுக்கு முன்பே, விசாரணையின்போதே அதை எழுத்தில் சொல்லிவிடட்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு மாதாமாதம் வட்டியை எடுத்துக்கொள்ள அனுமதியும் அதே மனுவில் கேட்கலாம்.